அப்பாவுக்கு எலெக்ரிக் மவுண்டன் சைக்கிள்: வவுனிக்குளத்து வயல் பாதைக்கு எது சரி?

மல்லாவி மகன்

வணக்கம் உறவுகளே. நான் ரொறன்ரோவில் இருக்கிறேன், அப்பா இலங்கையில், வன்னியின் மல்லாவியில். அவருக்கு 64 வயது. வவுனிக்குளத்துக்குக் கீழே மூன்று ஏக்கர் வயல். வீட்டிலிருந்து வயலுக்கு ஆறு கிலோமீற்றர் வரும். வாழ்நாள் முழுக்கச் சைக்கிளில்தான் போய் வந்தார். இப்போது இரண்டு முழங்காலிலும் தேய்வு. "சைக்கிள் ஓடுவதை விடவேண்டாம், ஆனால் அழுத்தி மிதிக்கவேண்டாம்" என்று கிளினிக்கில் டொக்டர் சொல்லியிருக்கிறார். ஸ்கூட்டி வாங்கித் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார். அவர் போகும் வாய்க்கால் கட்டில் ஸ்கூட்டி போகாது, அது உண்மை.

பாதை முதலில் கொஞ்சம் தார், பிறகு கிரவல், பிறகு வாய்க்கால் கட்டு. கட்டு முடிகிற இடத்தில் கால் புதையும் மணல். கரியரில் எப்போதும் ஏதாவது இருக்கும். மண்வெட்டி, சாப்பாட்டுப் பை, சில நாள் மருந்தடிக்கிற டாங்கி, சில நாள் பாதி மூட்டை உரம்.

இங்கே கடையில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். முன்னும் பின்னும் சஸ்பென்ஷன், நடுவில் மோட்டர், 85 நியூட்டன் மீற்றர் இழுவை, 625 வாட் அவர் பற்றறி, 29 அங்குலச் சில்லு. பாதை கரடுமுரடு என்பதால் மவுண்டன் சைக்கிள்தான் சரி என்று நினைக்கிறேன். இதைக் கப்பலில் அனுப்பலாமா, இல்லை அங்கேயே வாங்கலாமா? வன்னியில் எலெக்ரிக் சைக்கிள் ஓடுகிறவர்கள், திருத்துகிறவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

ஏ9 மெக்கானிக்

தம்பி, நீங்கள் பார்த்தது நல்ல சைக்கிள். ஆனால் அது மலைக்குச் செய்தது. ஓமந்தையிலிருந்து பரந்தன் வரை ஏ9 றோட்டில் மிதித்துப் பாருங்கள், ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. மல்லாவி, துணுக்காய் பக்கமும் அப்படித்தான். அப்பாவுக்கு உள்ள ஏற்றம் கிரவல் றோட்டிலிருந்து வாய்க்கால் கட்டில் ஏறுகிற அந்தச் சின்ன இடம் மட்டும். மற்றபடி அவரைக் களைக்க வைப்பது மணல், சேறு, கரியர்ப் பாரம், சோளகக் காற்று. தேர்வை இந்த நான்கையும் வைத்துச் செய்யுங்கள்.

பின் சஸ்பென்ஷன் வேண்டாம். அந்தப் பிரேமில் உரம் ஏற்றுகிற கரியரைப் பூட்ட முடியாது. பூட்டினாலும் பாரம் சஸ்பென்ஷனில் இறங்கி சைக்கிள் வாத்து நடை நடக்கும். பிரேம் அசையும் மூட்டுகளில் உள்ள பிவட் பேரிங்குகளில் கிரவல் தூசி ஏறினால் சத்தம் தொடங்கும், அதற்குரிய பேரிங் இங்கே எடுக்க முடியாது. அந்தச் சஸ்பென்ஷனின் சொக்கில் காற்றடிக்கத் தனிப் பம்ப் வேண்டும். பின் பக்கம் சஸ்பென்ஷன் இல்லாத பிரேமில், பின் அச்சுக்கு மேலே கரியர் பூட்டும் துளைகள் இருக்கிறதா என்று பாருங்கள். குலுக்கலைப் பெரிய ரயர் வாங்கிக்கொள்ளும். 27.5 அங்குலச் சில்லில் 2.4 அகல ரயர் போட்டு, காற்றை 30 பி.எஸ்.ஐ. அளவில் வைத்தால் கிரவல் அலை அலையாக இருக்கும் இடத்திலும் இடுப்பு நோகாது. மணலில் இறங்குமுன் இன்னும் கொஞ்சம் காற்றை விடலாம். பாரம் ஏற்றுகிற நாளில் மட்டும் பின் ரயருக்குக் கூட்டி அடிக்கவேண்டும்.

வால்வைக் கட்டாயம் பாருங்கள். அங்கே நல்ல சைக்கிள்களில் வருவது பிரெஸ்டா என்கிற ஒல்லி வால்வு. மல்லாவிச் சந்தியில் இருக்கும் பம்ப் அதற்குப் பொருந்தாது. மோட்டார் சைக்கிளுக்கு உள்ளதுபோலத் தடித்த வால்வு ரியூப் என்றால் எந்தக் கடையிலும் காற்றடிக்கலாம். உடைமுள்ளும் விடத்தல் முள்ளும் உள்ள காட்டுப்பாதையில் இது சின்ன விஷயமில்லை.

வற்றாப்பளைப் பிள்ளை

அண்ணா, என் மாமாவுக்கு எலெக்ரிக் சைக்கிள் எடுத்துக் கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன். எங்கள் வீட்டில் எல்லாரும் மோட்டரையும் பற்றறியையும் பார்த்தார்கள். அவர் அதில் எப்படி ஏறி இறங்கப் போகிறார் என்பதை ஒருவரும் பார்க்கவில்லை. உங்கள் அப்பா வயலுக்குச் சாரம் கட்டிக்கொண்டுதான் போவார், அல்லவா? மேல் பார் உயர்ந்த சைக்கிளில் சாரத்தோடு காலைத் தூக்கிப் போடுவது முழங்கால் நோவுள்ள 64 வயதுக்காரருக்குக் கஷ்டம். கரியரில் மூட்டை இருந்தால் பின்பக்கமாகக் கால் போடவே முடியாது.

பார் இல்லாத, நடுவில் தாழ்ந்த பிரேம் எல்லாவற்றையும்விட வசதி. ஆனால் மாமா அதைப் பார்த்தவுடன் "இது பொம்பிளைப் பிள்ளையளின்ர சைக்கிள், நான் ஓடமாட்டன்" என்றுவிட்டார். அதையும் மதிக்கவேண்டும். ஊரில் நாலு பேர் பார்க்க ஓடுகிறவர் அவர்தானே. கடைசியில் மேல் பார் சரிந்து இறங்குகிற பிரேம் ஒன்றைக் கண்டுபிடித்தோம். ஆண்கள் சைக்கிள் போலவே தெரியும், ஆனால் கால் இலேசாகக் கடக்கும்.

அப்பாவின் உயரம் எவ்வளவு? வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நிற்கவைத்து, கவட்டிலிருந்து நிலம் வரை அளந்து அனுப்பச் சொல்லுங்கள். 29 அங்குலச் சில்லு உயரம் குறைந்தவர்களுக்கு இடையூறு. சீற்றை விட்டு இறங்கி நின்றால் இரண்டு பாதமும் நிலத்தில் படவேண்டும். வாய்க்கால் கட்டில் ஒரு கால் எட்டாமல் போனால் விழுவது தண்ணீருக்குள்.

ஒட்டாவா றைடர்

மெக்கானிக் அண்ணை சொன்னதில் பெரும்பகுதி சரி. பின் சஸ்பென்ஷன் தேவையில்லை. ஆனால் பெடலடியில் இருக்கும் நடு மோட்டரை இலேசாகத் தள்ளிவிடாதீர்கள். இங்கே முழங்கால் நோவுள்ளவர்கள் அதைத் தேடி வாங்குவதற்குக் காரணம் இருக்கிறது.

மலிவான சைக்கிள்களில் இருப்பது பெடல் சுற்றுகிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கும் சென்சர். கால் அரைச் சுற்று சுற்றிய பிறகுதான் மோட்டர் விழிக்கும், விழித்தவுடன் முழுதாகத் தள்ளும். நிறுத்தினாலும் ஒரு நொடி கழித்துத்தான் அடங்கும். இரண்டடி அகல வாய்க்கால் கட்டில் இந்த உதைப்பு ஆபத்து. நல்ல நடு மோட்டர்களில் இருப்பது காலின் அழுத்தத்தை அளக்கும் சென்சர். மெல்ல அழுத்தினால் மெல்ல உதவும், விட்டால் உடனே விடும். அதோடு மோட்டரின் விசை சைக்கிளின் கியர் வழியாகப் போவதால், மணலில் சின்னக் கியரில் போட்டால் மோட்டரும் சுகமாகச் சுற்றும், காலும் சுகமாகச் சுற்றும். சில்லுக்குள் இருக்கும் ஹப் மோட்டருக்கு அந்தக் கியர் உதவி கிடையாது. மணலில் மெதுவாக ஊரும்போது அது கரண்டைத் தின்று சூடாகும்.

ஏ9 மெக்கானிக்

ஒட்டாவாத் தம்பி சொன்ன சென்சர் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அழுத்தத்தை அளக்கும் சென்சர் ஹப் மோட்டர் சைக்கிளிலும் வருகிறது. அது இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டு, ஓடிப் பார்த்து வாங்கவேண்டும். அது கிடைக்காவிட்டால், பிறேக் பிடியில் கட்-ஓஃப் சுவிட்ச் இருக்கவேண்டும். பிறேக்கைத் தொட்டவுடன் மோட்டர் செத்துவிடும்.

நடு மோட்டரில் எனக்குள்ள பயம் வேறு. மோட்டர், கால் இரண்டின் விசையும் ஒரே செயினில் விழுகிறது. புழுதியில் செயினும் பற்சில்லும் சீக்கிரம் தேயும். அந்த விலையில் வரும் சைக்கிள்களில் 11, 12 கியர்ச் செயின். எங்கள் பக்கக் கடைகளில் தொங்குவது 6, 7 கியர்ச் செயின். போஷ், ஷிமானோ மோட்டர்கள் அந்தந்தக் கம்பனி ஒப்புக்கொண்ட பற்றறியை மட்டுமே ஏற்கும். கோளாறு வந்தால் திரையில் ஓர் எண் காட்டிவிட்டு நின்றுவிடும். அதைப் பார்க்க அவர்களின் கருவியும் கணினியும் வேண்டும். உழவு நேரத்தில் அப்பாவின் சைக்கிள் ரொறன்ரோவிலிருந்து வரும் ஒரு சாமானுக்காக மூன்று மாதம் சுவரில் சாய்ந்து நிற்கக்கூடாது. சைக்கிளைத் திருத்தப் போகிறவர் யார், அவர் எங்கே இருக்கிறார் என்று முதலில் முடிவெடுங்கள். பிறகு மோட்டரைத் தேடுங்கள்.

ஹப் மோட்டரிலும் இரண்டு வகை உண்டு. உள்ளே பற்சில்லு இல்லாத பெரிய மோட்டர் பாரம், அது மெதுவான வேகத்தில் சூடாகும். உள்ளே சின்னப் பற்சில்லுகள் உள்ள கியர் ஹப் பாரம் குறைவு, தொடக்க இழுவை நல்லது, பற்றறி முடிந்தாலும் இலேசாக மிதித்துக்கொண்டு வரலாம். அப்பாவின் பாதைக்கு 36 அல்லது 48 வோல்ட் கியர் ஹப் போதும். பின் சில்லில் திருகிப் பூட்டும் 7 கியர் பிறீவீல் ஏறுகிற ஹப்பாக இருந்தால் தேய்ந்ததும் உள்ளூரிலேயே மாற்றலாம். டிஸ்க் பிறேக் வேண்டும், அது கேபிளால் இழுக்கிறதாக இருக்கட்டும். எண்ணெய் பிறேக் பிடிப்பு நன்றாக இருந்தாலும், அதற்குள் காற்றுப் புகுந்தால் மல்லாவியில் எடுத்துவிட ஆள் இல்லை.

முத்தையன்கட்டு விவசாயி

தம்பிமாரே, நான் மோட்டர் வகை தெரிந்தவன் இல்லை. வன்னியில் சைக்கிள் ஓடுகிறவன். போர் நேரம் பொருள்களுக்குத் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடினோம், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம். 2022-ல் பெற்றோல் கிடைக்காமல் கியூஆர் பங்கீடு கொண்டு வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு முதலில் வாரத்துக்கு 4 லீற்றர்தான். அந்த நேரமும் வயலுக்குப் போனது சைக்கிள்தான். எலெக்ரிக் சைக்கிள் வருவதில் எனக்கு உண்மையில் சந்தோஷம். ஆனால் பற்றறி செத்த அன்று அதை வெறும் சைக்கிளாக மிதிக்க முடியவேண்டும். 25, 28 கிலோ இருக்கிற சைக்கிளில் மோட்டர் இல்லாமல் முழங்கால் நோவோடு ஆறு கிலோமீற்றர் வருவது எப்படி என்று யோசியுங்கள். பாரம் குறைந்ததைத் தேடுங்கள்.

பாரத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வயலுக்குப் போகும் வழியில் வேலிக் கடப்பு எத்தனை? மாடு புகாமல் இருக்கக் குறுக்கே தடி கட்டிய கடப்பில் சைக்கிளைத் தூக்கித்தான் போடவேண்டும். என் சைக்கிளை ஒற்றைக் கையால் தூக்குவேன். 28 கிலோவை அப்பா தூக்குவாரா?

அடுத்தது யானை. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் பொழுதுபட்டால் றோட்டிலேயே நிற்கும். உங்கள் பக்கமும் குளத்தில் தண்ணீர் இருக்கும் காலத்தில் வரும். மோட்டார் சைக்கிள் சத்தம் தூரத்திலேயே அதற்குக் கேட்கும், விலகும். இந்தச் சைக்கிள் சத்தமில்லாமல் கிட்டப் போய் நிற்கும். எருமைக்கும் அப்படித்தான், திடீரென்று கண்டால் வெருண்டு பாயும். நல்ல மணியும், பற்றறியிலிருந்து எரிகிற பலமான முன் லைற்றும் பூட்டுங்கள். லைற் இருக்கிறது என்பதற்காக இருட்டில் வரவேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

புதுச் சைக்கிள் இலேசாக ஓடுகிறது என்று தெரியாத காட்டுப்பாதையில் திரும்பவும் வேண்டாம். முகமாலைப் பக்கம் இன்னும் மிதிவெடி எடுத்து முடியவில்லை. வேறு இடங்களிலும் சிவப்புப் பலகை நட்டிருந்தால் அதற்கு அப்பால் கால் வைக்கக்கூடாது. அப்பாவுக்கு இது தெரியும். விடுமுறைக்கு வந்து அந்தச் சைக்கிளை எடுத்து ஓடப் போகிற பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.

கரண்ட் வேலைக்காரன், கிளிநொச்சி

பற்றறி பற்றி நான் சொல்கிறேன். தட்டையான கிரவலில் நிதானமாகப் போனால் ஒரு கிலோமீற்றருக்கு 8 முதல் 12 வாட் அவர் போகும். பாரம், மணல், எதிர்க்காற்று சேர்த்து 15 என்று வையுங்கள். போய்வர 12 கிலோமீற்றர், ஒரு நாளைக்கு 180. 500 வாட் அவர் பற்றறி இரண்டு நாளுக்கு மேல் தாங்கும். 625, 750 எல்லாம் அப்பா சும்மா சுமக்கப் போகிற பாரம். வெறுமையான 500-ஐ முழுதாக ஏற்ற, சார்ஜரில் போகும் இழப்பையும் சேர்த்து, அரை யூனிற்றுக்குக் கொஞ்சம் மேலே கரண்ட் போகும். 36 வோல்ட்டில் 14 ஆம்பியர் அவர் என்றால் ஏறக்குறைய அந்த 500 வந்துவிடும்.

விமானத்தில் அனுப்புகிற எண்ணம் இருந்தால் மறந்துவிடுங்கள். பயணி கொண்டுபோகும் லித்தியம் பற்றறிக்கு எல்லை 100 வாட் அவர், விமானக் கம்பனி சம்மதித்தால் 160. கப்பலிலும் அது ஆபத்தான பொருள் வகையில்தான் போகும், அதற்குரிய பொதியும் பத்திரமும் வேண்டும். உடுப்போடும் பால்மாவோடும் வீட்டுப் பெட்டிக்குள் மறைத்து வைத்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். பற்றறி அடிபட்டுத் தீப்பிடித்தால் மற்றவர்களின் பெட்டிகளும் சேர்ந்து எரியும். என் எண்ணம், பற்றறியை இலங்கையில் விற்கிறவரிடம் உத்தரவாதத்தோடு வாங்குங்கள். சில வருடத்தில் எப்படியும் மாற்றத்தான் வேண்டும், மாற்றும்போதும் அங்கேயே கிடைக்கவேண்டும்.

சார்ஜர் கனடாவிலிருந்து வந்தால் அதில் 100–240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அங்கே 120, இங்கே 230. 120-க்கு மட்டும் செய்த சார்ஜரைச் செருகினால் அதோடு சரி.

சூடுதான் பற்றறிக்கு எமன். பங்குனி, சித்திரை வெயிலில் வயல் கரையில் சைக்கிளை நிறுத்தினால் பற்றறியைக் கழற்றி மர நிழலில் வைக்கச் சொல்லுங்கள். கழற்ற முடிகிற பற்றறியாக வாங்குவதற்கு இது ஒரு காரணம். வந்தவுடன் சூட்டோடு சூடாகச் சார்ஜ் போடக்கூடாது, ஒரு மணித்தியாலம் ஆறவேண்டும். இரவில் எல்லாரும் படுத்த பிறகு போடவேண்டாம். கிடுகுக் கொட்டிலிலோ வைக்கோல், உரம், பெற்றோல் கான் உள்ள இடத்திலோ போடவே வேண்டாம். சீமெந்து விறாந்தை நல்ல இடம். ஐப்பசியில் இடி முழங்கத் தொடங்கினால் பிளக்கைக் கழற்றிவிடவேண்டும். இந்தப் பழக்கங்களை அப்பாவோடு இருக்கிறவர் ஒருவருக்குச் சொல்லிக் கொடுங்கள், தனியே அவர் தலையில் போடாதீர்கள்.

மல்லாவி மகன்

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. தங்கச்சியிடம் அளக்கச் சொன்னேன். அப்பா 5 அடி 4 அங்குலம், கவட்டளவு 29 அங்குலம். கடப்பு இரண்டு இருக்கிறது, ஒன்றில் தூக்கித்தான் போடவேண்டும் என்றாள். அப்பாவிடமும் நேரே கேட்டேன். "எனக்கு வேகம் வேண்டாம், கட்டில் ஏறுற இடத்தில இறங்கித் தள்ளாமல் போனால் காணும்" என்றார். இவ்வளவு நாளும் அதை நான் கேட்கவில்லையே என்று வற்றாப்பளைத் தங்கை நினைப்பார், சரிதான்.

இங்கே பார்த்த சைக்கிளை விட்டுவிட்டேன். இன்னொரு யோசனை: அவருடைய பழைய சைக்கிளிலேயே மோட்டர் கிற் (தனியாக வாங்கிப் பூட்டும் மோட்டர்த் தொகுதி) பூட்டலாமா? அவருக்குப் பழகிய சைக்கிள் அதுதான்.

ஏ9 மெக்கானிக்

பழைய சைக்கிள் இரும்புக் கம்பியால் றிம்மைப் பிடிக்கும் கம்பி பிறேக் உள்ளதென்றால் வேண்டாம். நனைந்த றிம்மில் கம்பி பிறேக்கின் பிடிப்பு உங்களுக்கே தெரியும், அதில் மோட்டரின் வேகத்தையும் பாரத்தையும் ஏற்றக்கூடாது. முன் சில்லில் மோட்டர் பூட்டுகிற கிற்றும் வேண்டாம். மணலில் முன் சில்லு இழுத்தால் ஹான்டில் சொல்வழி கேட்காது, முன் போர்க்கில் அச்சைப் பிடிக்கும் காதும் வெடிக்கும்.

ஒரு வழி சொல்கிறேன். வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ 26 அல்லது 27.5 அங்குலச் சாதாரண மவுண்டன் சைக்கிள், இரும்புப் பிரேம், கேபிள் டிஸ்க் பிறேக் உள்ளது ஒன்றை அப்பாவே ஏறிப் பார்த்து எடுக்கட்டும். 29 அங்குலக் கவட்டுக்கு 15 அல்லது 16 அங்குலப் பிரேம் அளவாக இருக்கும். பின் சில்லுக்கு 250 வாட் கியர் ஹப் கிற். அச்சு சுழன்று பிரேமின் காதைக் கிழிக்காமல் இருக்க டோர்க் ஆம் என்கிற இரும்புத் தகட்டைக் கட்டாயம் பூட்டவேண்டும், பலர் அதை விட்டுவிடுகிறார்கள். பற்றறி நடுக் குழாயில், பாரம் பின்னுக்குப் போகாமல். டிஸ்பிளேயில் தள்ளி நடக்கும்போது உதவுகிற வசதி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் சைக்கிள் நடைவேகத்தில் தானே நகரும். உர மூட்டையோடு கட்டில் ஏற்றுகிற அன்றைக்கு அது கை கொடுக்கும்.

ஒட்டாவா றைடர்

சம்மதம். அந்தக் கிற்றில் அழுத்தம் அளக்கும் சென்சர் கிடைக்காவிட்டால், உதவியின் அளவை ஒன்று, இரண்டில் மட்டும் வைத்துப் பழக்குங்கள். உதைப்பு குறையும். சீற் உயரத்தையும் கவனியுங்கள். முழங்கால் நோவுள்ளவர்கள் கால் நிலத்தில் படவேண்டும் என்று சீற்றை மிகவும் தாழ்த்துவார்கள், அப்போது முழங்கால் அதிகம் மடிந்து நோவு கூடும். சீற்றில் இருந்தபடி முன் பாதம் நிலத்தில் படுகிற அளவு உயரம், கீழ்ப் பெடலில் கால் கொஞ்சமாக மடிந்திருக்கவேண்டும். பெடல் தண்டு 170 மில்லிமீற்றருக்குப் பதிலாக 160 போட்டால் முழங்கால் மடிப்பு இன்னும் குறையும். செலவு அதிகமில்லை.

வற்றாப்பளைப் பிள்ளை

அதோடு கண்ணாடி ஒன்று, ஹெல்மெட் ஒன்று. வாங்கிய பிறகு ஒரு வாரம் வீட்டடி ஒழுங்கையில் பாரமில்லாமல் ஓடிப் பழகட்டும். பிறேக் பிடிப்பதும், மோட்டர் தொடங்குகிற கணமும் கைக்குப் பழகிய பிறகு கட்டில் ஏறலாம். தங்கச்சி கூடப் போகட்டும்.

மல்லாவி மகன்

அப்படியே செய்கிறோம். தங்கச்சி அப்பாவைக் கூட்டிக்கொண்டு கிளிநொச்சிக்குப் போகிறாள், மூன்று பிரேம் ஏறிப் பார்த்த பிறகுதான் காசு கொடுப்போம். மெக்கானிக் அண்ணை, மழைக்காலத்தில் பாலியாற்றுப் பக்கம் பாதைக்கு மேலால் தண்ணீர் பாயும். அதற்குள்ளால் ஓடலாமா?

ஏ9 மெக்கானிக்

சில்லின் அச்சு நனையாத அளவு தண்ணீர் என்றால் மெதுவாகப் போகலாம். அதற்கு மேலே என்றால் மோட்டரும் வயர்ப் பொருத்தும் நனையும். பாய்கிற தண்ணீர் என்றால் எந்தச் சைக்கிளிலும் இறங்கவேண்டாம், சுற்றிப் போகட்டும். மழை நாளில் வந்தவுடன் பற்றறியைக் கழற்றித் துடைத்து, பொருத்துகிற இடத்தை உலரவிட்டுப் பிறகுதான் சார்ஜ். சேற்றை வாளித் தண்ணீரால் கழுவலாம், சேவிஸ் ஸ்டேஷன் பம்பால் அடிக்கக்கூடாது. கிற் பூட்டுகிற அன்று படம் எடுத்துப் போடுங்கள், டோர்க் ஆம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.